பெயர் எழுதப்படாதோர்

பாபிலோனியச் சிறையிருப்பினின்று யூதர்கள் தாயகம் திரும்பிய வரலாற்றைக் கூறும் எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரத்தை நம்மில் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறோம். முழுவதும் பெயர்ப் பட்டியலாகவும் தொகையாகவும் அமைந்த அந்த அதிகாரத்தில் சுவை காண்பது கடினமே. ஆனால், அப்பட்டியலின் இறுதியில் ஒரு துயரம் ஒளிந்திருக்கிறது. திரும்பி வந்தவர்களுள் 652 பேர், தாங்கள் எந்தக் குலத்தார், எந்த மூதாதையின் வழிவந்தோர் என்பதைக் காட்ட இயலாது நின்றனர். குருக்குலத்தைச் சார்ந்த சிலரும் தங்கள் தலைமுறை அட்டவணையைத் தேடினர், கிடைக்கவில்லை. ஆகவே, அவர்கள் குருத்துவப் பணியினின்று விலக்கி வைக்கப்பட்டனர் என்று நூல் கூறுகிறது.

போர் ஒரு மக்களினத்தைச் சிதறடிக்கிறது. ஆண்டுகள் கழித்து எஞ்சியோர் திரும்புகின்றனர். அப்போது அவர்கள் யார் என்பதற்குச் சான்று கேட்கப்படுகிறது. ஏட்டில் பெயர் இருந்தவன் தன் வீட்டை அடைகிறான். இல்லாதவன் வாசலில் நிற்கிறான். இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய இச்செய்தி, நம் மாவட்டத்து எளிய குடும்பங்கள் பலவற்றின் செய்தியும் ஆகும் என்பதை இக்கட்டுரையில் எண்ணிப்பார்க்க விழைகிறோம்.

கல்லில் எழுதிய ஊர்

நாம் வாழும் உத்திரமேரூர், எழுத்துக்குப் பெயர்போன ஊர். வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்படும் பழைய சபை மண்டபத்தின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர் வருகின்றனர். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறை பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்பதும் அதன் விதிகளுள் ஒன்று.

இப்பெருமையைப் பாராட்டும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அந்த ஓலையில் பெயர் எழுதப்பெற, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் மறைநூல் கல்வியும் வேண்டும். அந்நிலத்தில் ஏர் பூட்டியவன், நாற்று நட்டவள், ஏரியின் மதகைக் காத்தவன் ஆகியோரின் பெயர்கள் எந்த ஓலையிலும் ஏறவில்லை. எழுத்து, உடைமையோடு பிறந்த உரிமையாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. உடைமையற்றோர் ஊரைவிட்டுச் சென்றபோது அவர்களைத் தேடுவதற்கு ஏடு இல்லாமற்போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

அக்கரைக்குச் சென்றோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, செங்கல்பட்டு, வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் மலேயாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். கங்காணி ஊருக்கு வருவான், முன்பணம் தருவான், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த கூலிகள் முகாமுக்கு அழைத்துச் செல்வான். அங்கிருந்து கடல் வழியே பினாங்கு. பின்பு ஏதேனும் ஓர் இரப்பர்த் தோட்டம். காலையில் பெரட்டு, மாலையில் கணக்கு, மாத முடிவில் செக்ரோலில் ஒரு கோடு. சென்றவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஏழை மக்கள். சேரிகளில் வாழ்ந்தோர் மிகப் பலர். அவர்களுள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. பேராக் மாநிலத்தில் பாகான் செராய் அருகே சூசைப்பாளையம் என்ற தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பே பாரீசு மறைப்பணியாளர்களால் உருவாக்கப்பட்டது என்பது இதற்குச் சான்று.

இந்திய அரசு 1938ஆம் ஆண்டில் மலேயாவுக்குக் கூலிகளை அனுப்புவதற்குத் தடை விதித்தது. அதற்கு முன் சென்றோர் அங்கேயே தங்கினர். கடிதமும் மணியார்டரும் வந்துகொண்டிருந்தன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்றோடு தபால் நின்றது. மூன்றரை ஆண்டுக்காலம் அக்கரையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. போர் முடிந்தபின் சில கடிதங்கள் வந்தன. பல வீடுகளுக்கு எதுவும் வரவேயில்லை.

சயாம் பாதை

வராத கடிதங்களுள் பலவற்றின் விடை தாய்லாந்தின் காடுகளில் கிடக்கிறது. சயாமில் நொங் பிளாடுக் தொடங்கிப் பர்மாவில் தன்பியூசயாட் வரை, 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையைச் சப்பானிய இராணுவம் 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. பிரித்தானிய, ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இதைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்துள்ளன.

ஆனால், அப்பாதையில் உழைத்தவர்களுள் கைதிகள் சிறுபான்மையினரே. தமிழர், மலாய்க்காரர், சாவகத்தார், பர்மியர், சீனர் எனக் கூலியாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆசிய மக்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களுள் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. மலேயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போர் காரணமாகத் தோட்டங்களில் வேலையும் அரிசியும் அற்றுப்போயிருந்த வேளையில், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தனர். பின்பு சாலையிலும் சந்தையிலும் பிடித்து ஏற்றினர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியபோது, இறந்தோரைக் குழிகளில் மொத்தமாக இட்டு மூடினர். சில இடங்களில் எரித்தனர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் மலேசிய நாவல் இத்துயரத்தைத் தமிழ் வாசகர்க்குக் கொண்டுவந்தது.

எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

வாசக அன்பர்கள் இங்கே ஓர் ஒப்பீட்டைக் கவனிக்க வேண்டுகிறோம். போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பர் 22ஆம் நாள் ஒரு குழு தன்பியூசயாட்டிலிருந்து புறப்பட்டு, ரயில் பாதை நெடுகக் கைதிகளின் கல்லறைகளைத் தேடிச் சென்றது. 144 புதைவிடங்களில் 10,549 கல்லறைகளை அது கண்டறிந்தது. தேடியவற்றுள் கிடைக்காதவை 52 மட்டுமே. இத்தகைய வெற்றிக்குக் காரணம் என்ன? முகாமில் பசியாலும் நோயாலும் வாடிய நாள்களிலும், கைதிகளின் அதிகாரிகள் இறந்தவனின் பெயர், படைப்பிரிவு, நாள், புதைத்த இடம் ஆகியவற்றைக் கிடைத்த தாளில் எழுதிவைத்தனர். காவலர் கண்ணில் படாதிருக்க அத்தாள்களை மண்ணில் புதைத்தும் காத்தனர். இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். இங்கிலாந்திலிருந்து ஒரு பேரன் வந்தால், தன் தாத்தாவின் பெயர் பொறித்த கல்லின்முன் மண்டியிட முடியும்.

தமிழர்க்கு? ரயில் பாதையில் இறந்தோர்க்காகச் சப்பானியரே 1944ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். அதில் பல மொழிகளில் வாசகங்கள் உள்ளன, தமிழும் உண்டு. ஆனால் ஒரு தமிழனின் பெயரும் இல்லை. 1990ஆம் ஆண்டு நவம்பரில் அதே நகரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை ஆசியத் தொழிலாளருடையவை எனக் கொள்ளப்பட்டன. எவருடைய மகன், எவளுடைய கணவன் என்று சொல்ல ஒரு துண்டுத்தாளும் இல்லை. உயிர்நீத்த தமிழர்க்காக அங்கு 2023ஆம் ஆண்டில் நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. நம் முன்னோர் நடுகல்லில் வீரனின் பெயரையும் ஊரையும் பொறிப்பது மரபு. இந்த நடுகல் எல்லார்க்கும் பொதுவாக நிற்கிறது.

இவ்வேறுபாட்டுக்குச் சட்டமும் ஒரு காரணம். பிடிபட்ட படைவீரனின் பெயரை அவன் நாட்டுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது பன்னாட்டு ஒப்பந்தம். அதன் அடிப்படையில் செஞ்சிலுவைச் சங்கம் 1914ஆம் ஆண்டு ஜெனீவாவில் தொடங்கிய கைதிகள் முகமையில் முதல் உலகப்போர்க் காலத்தில் மட்டும் 70 இலட்சம் அட்டைகள் சேர்ந்தன. அவை 2014 முதல் எவரும் கணினியில் காணும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப்போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வத்திக்கானில் ஒரு செய்தி அலுவலகத்தை நிறுவினார். பிரிந்த குடும்பங்களின் வினாக்களை ஏற்று, 1947 வரை அது தேடித் தந்தது. ஆனால், படைவீரனல்லாத கூலிக்காரனின் பெயரை எழுதவேண்டிய கடமை அன்று எவர்க்கும் இல்லை. போரில் சிக்கிய பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தம் 1949ஆம் ஆண்டில்தான் வந்தது. சயாமில் மாண்டவர்க்கு அது ஆறாண்டு பிந்திய கொடை.

மனைவியா, கைம்பெண்ணா?

பெயர் எழுதப்படாமையால் வந்த துன்பம் இறந்தவனோடு முடியவில்லை. ஊரில் இருந்த மனைவியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏழாண்டுக் காலம் ஒருவனைப் பற்றிய செய்தி, இயல்பாக அறியவேண்டியவர்க்கு எட்டாதிருப்பின், அவன் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு சொல்பவனுடையது என 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் கூறியது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அதையே கூறுகிறது. ஆனால் திருச்சபை, திருமணத்தின் கட்டுறுதியைக் கருதி, இன்னும் எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறது. 1868ஆம் ஆண்டு உரோமை வெளியிட்ட அறிவுரையும், இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் எண்ணும், எத்தனை ஆண்டுகள் ஆயினும் வெறும் பிரிவு மட்டும் இறப்புக்குச் சான்றாகாது என்கின்றன. சாட்சியர், ஊர்ப்பேச்சு, சூழ்நிலை ஆகியவற்றை ஆராய்ந்து ஆயர் உறுதி பெறவேண்டும். பெற்ற பின்னரே இறப்பை ஊகித்து அறிவிக்க முடியும்.

இச்சட்டம் கொடுமைக்காக எழுதப்பட்டதன்று. உயிரோடிருக்கும் ஒருவனை இறந்தவனாக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. ஆயினும் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அதே காட்டில் மாண்டிருந்தால், அந்தப் பெண் எங்கே செல்வாள்? தாலியைக் கழற்றவும் மனமின்றி, மணியார்டரும் இன்றி, மனைவியென்றும் கைம்பெண்ணென்றும் சொல்ல இயலாத நிலையில் வாழ்ந்து முடிந்தோர் பலர். இறந்தோர்க்கான திருப்பலிக்குக் காசு கொடுப்பதா, பிரயாணிகளுக்கான மன்றாட்டுக் கேட்பதா என்பதும் அவர்களுக்கு ஒரு வினாவாகவே இருந்திருக்கும். ஏட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அவர்கள் அழுது தீர்த்திருப்பார்கள்.

நம் கையிலுள்ள ஏடுகள்

எனினும் எல்லா வாயில்களும் அடைபட்டுவிடவில்லை. திருச்சபை ஏழையின் பெயரையும் எழுதியது. திரெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கு ஏடுகளையும் ஒவ்வொரு பங்குத்தந்தையும் வைத்திருக்கப் பணித்ததுடன், ஆண்டுதோறும் அவற்றின் படியை ஆயரகத்துக்கு அனுப்பவும் சொன்னது. நிலவரி ஏட்டில் இடம்பெறாத கூலிக்காரனும் கோயில் ஏட்டில் தன் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர்ப்பெயரோடு நிற்கிறான்.

இவற்றுள் தேடுவோர்க்குப் பெரிதும் உதவுவது திருமுழுக்கு ஏட்டின் ஓரக்குறிப்பு. ஒருவன் எங்கே திருமணம் செய்தாலும், அச்செய்தி அவன் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவன் பெயருக்கு எதிரே குறிக்கப்படவேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் பிறந்தவன் பேராக்கில் திருமணம் செய்திருந்தால், அந்த ஓரத்தில் நாளும் கோயிலும் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு குறிப்பு, தேடலைக் கடல்தாண்டிக் கொண்டுசெல்லும்.

தேடுவோர் சிலவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, ஊரின் ஆட்சிப்பெயர்கள் மாறியுள்ளன. பழைய ஆவணங்களில் உத்திரமேரூர், செங்கல்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவில் இருக்கும். 1997இல் பிறந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் 1930ஆம் ஆண்டு ஏட்டில் எதுவும் கிடைக்காது. இரண்டாவது, திருச்சபையின் எல்லைகளும் மாறின. சென்னை, மயிலாப்பூர் என்னும் இரு ஆட்சிகள் 1952இல் ஒன்றாயின. நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் பிறந்தது. ஆகவே ஒரே வட்டாரத்தின் ஏட்டுப் படிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். மலேயாவிலும் அவ்வாறே: 1955இல் கோலாலம்பூர், பினாங்கு மறைமாவட்டங்கள் தோன்றும்வரை எல்லாம் மலாக்கா மறைமாவட்டத்தின்கீழ் இருந்தன. மூன்றாவது, அந்தோணி, சவரிமுத்து, சூசை, ஆரோக்கியம் என்ற பெயர்கள் ஒவ்வோர் ஊரிலும் பலர்க்கு உண்டு. தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் சேராமல் எவரையும் அடையாளம் காண முடியாது. வெள்ளைக்கார எழுத்தர்கள் அப்பெயர்களைக் காதில் விழுந்தவாறு எழுதியிருப்பார்கள் என்பதால், பல எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும். அரசாணைகளும் குடியேற்றத் துறைக் கோப்புகளும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன.

மறுபுறத்திலிருந்தும் தேடல் நடைபெறுகிறது. அக்கரையில் தங்கிவிட்டோரின் பேரப்பிள்ளைகள், செங்கல்பட்டு ஜில்லா என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது, கரையான் அரிக்காத ஓர் ஏடே.

ஓர் ஆயரின் கணக்கு

இது முடிந்துபோன காலத்தின் கதை என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1983ஆம் ஆண்டு சூலை முதல் ஈழத்திலிருந்து வந்தோர் தமிழ்நாட்டு முகாம்களில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். வன்னியில் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போருக்குப் பின், மன்னார் ஆயராக இருந்த மேதகு இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் அரசு அமைத்த ஆணைக்குழுவின்முன் ஒரு கணக்கை வைத்தார். அது அவர் கற்பித்த கணக்கன்று. அரசின் கச்சேரிப் பதிவேடுகளிலிருந்தே எடுத்தது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர். போர் முடிந்து அரசின் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேர்க்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். அத்தொகையை மறுத்தோர் உண்டு. ஆயினும் அவர் கேட்ட வினாவுக்கு நிறைவான விடை அவர்க்குக் கிடைக்கவில்லை. 2021 ஏப்ரல் முதல் நாளில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு கணக்குக் காட்டாதவனைப் பொறுப்பினின்று விலக்கியது. அக்கல்வெட்டு கேட்டது பணக்கணக்கு. அந்த ஆயர் கேட்டது மனிதக் கணக்கு. அரசின் கையிலுள்ள ஏட்டையே சாட்சியாக நிறுத்தி, இந்த ஏட்டில் இருந்தவன் எங்கே என்று கேட்பதற்கு, முதலில் அவன் பெயர் ஏட்டில் இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று எனச் சிறுவயதிலேயே கற்றோம். அரசனின் சினத்துக்கு அஞ்சாது, கொல்லப்பட்டோரைத் தேடிப் புதைத்த தோபித்தின் வரலாற்றையும் அறிவோம். புதைக்க உடல் கிடைக்காத இடத்தில், பெயரையாவது எழுதிவைப்பது அதே இரக்கச் செயலின் தொடர்ச்சி என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே நம் பங்குகளுக்கு ஓர் எளிய வேண்டுகோளை முன்வைக்கிறோம். வரும் நவம்பர் மாதத்தில் கல்லறைத் திருநாளை ஒட்டி, ஒவ்வொரு பங்கிலும் கிளைப்பங்கிலும் ஒரு தடித்த நோட்டுப்புத்தகம் வைக்கப்படட்டும். பினாங்கு, பர்மா, கொழும்பு என்று சென்று திரும்பாதோரின் பெயரை வீட்டிலுள்ள முதியோர் சொல்ல, இளையோர் எழுதட்டும். தந்தை பெயர், ஊர், சென்ற ஆண்டு, தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த காலம் ஆகியவற்றில் எது நினைவிலிருந்தாலும் போதும். முகாம்களிலிருந்து வந்து நம்மோடு வாழும் ஈழத்து உறவுகளின் காணாமற்போனோரும் அதில் இடம்பெறட்டும். கிறிஸ்தவரல்லாத அண்டை வீட்டார் கேட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். சயாம் காட்டில் அவர்கள் ஒரே குழியில்தான் கிடக்கிறார்கள். எழுதியதில் ஒரு படியை ஆயரகத்துக்கு அனுப்புங்கள். பழைய திருமுழுக்கு ஏடுகளை நிழலில் காற்றாட உலர்த்தி, நல்ல அட்டையிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பதற்கும் நம் இளைஞர் சிலர் ஒரு விடுமுறையைக் கொடுக்கலாம்.

எழுபது, எண்பது வயதைக் கடந்தோரே இப்பெயர்களை இன்னும் அறிந்திருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுவருகிறார்கள். அவர்கள் இறந்தபின் கேட்பதற்கு ஆளிருக்காது. தம் உள்ளங்கைகளில் நம் பெயரைப் பொறித்துள்ள இறைவன் எவரையும் மறப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கையோடு, நவம்பர் இரண்டாம் நாள் திருப்பலிக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். பீடத்தின்முன் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்போம்.